முதல் வாரம் எங்கே தங்குவது? ஒரு பருவம் படிக்கக் காரைக்குடிக்கு வருகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு பிள்ளை பரிமாற்ற மாணவராக ஒரே ஒரு பருவம் படிக்கக் காரைக்குடிக்கு வருகிறது என்று வையுங்கள். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். பக்கத்துப் பள்ளத்தூரில் பூர்வீகப் பெரிய வீடு சும்மாதானே கிடக்கிறது, அங்கே இருக்கட்டும் என்பார் பெரியப்பா. பிள்ளைக்குத் தனி ரூம் வேண்டும், யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அழகப்பா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் ஹாஸ்டல் இடம் உண்டு என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் கழனிவாசல் பக்கம் குடியிருக்கிறேன், படித்ததும் அழகப்பாவில்தான். கடல் தாண்டிய சொந்தமோ சிநேகமோ இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. அதனால் பருவம் தொடங்கும்போதெல்லாம் யாராவது போன் போட்டு, "பிள்ளை வருது, எங்க தங்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஹாஸ்டல். பிடிக்கிறதோ இல்லையோ, ஹாஸ்டல்தான். பெரிய வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம். தனி ரூமை ஒரு மாதம் கழித்து யோசிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, பின்னால் வருகிறேன்.

இந்த முடிவுக்குப் பாதிக் காரணம் காகித வேலை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் எங்கே தலை சாய்த்தாலும், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். சட்டம் 2025-இல் புதிதாக வந்து படிவத்தின் பெயர் மாறினாலும், ஊரில் எல்லாரும் இன்னும் சி-ஃபார்ம் என்றுதான் சொல்கிறார்கள். லாட்ஜுக்கும் இதுதான், ஹாஸ்டலுக்கும் இதுதான், சித்தப்பா வீட்டுக்கும் இதுதான். அடுத்தது, மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்போது அதுவும் இணையத்தில்தான். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். ஒரு பருவம்தானே என்று 180 நாளுக்கு உட்பட்ட விசா கொடுத்திருந்தால் பொதுவாக இந்தப் பதிவு தேவைப்படாது. இருந்தாலும் விசாவில் அச்சாகியிருக்கும் சின்ன எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்குப் பதிவே இல்லை. கொடுத்துவைத்தவர்கள்.

அந்தப் பதிவுக்கு என்ன கேட்பார்கள்? பாஸ்போர்ட், விசா, புகைப்படம், 'இவர் எங்கள் மாணவர்தான்' என்று பல்கலைக்கழகம் தரும் போனஃபைடு சான்றிதழ், தங்கியிருக்கும் இடத்துக்கு ஆதாரம். இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். ஹாஸ்டல் என்றால் வார்டன் அலுவலகத்தில் ஒரு கடிதம், முத்திரை, முடிந்தது. அங்கே இந்த வேலையைப் பார்த்துப் பழகிய எழுத்தர் இருப்பார். வெளியே என்றால் வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், அவர் போட்ட சி-ஃபார்ம் எல்லாம் வேண்டும். அந்தத் தளத்தில் சி-ஃபார்ம் போட வீட்டுக்காரர் முதலில் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சுப்பிரமணியபுரத்தில் மாடியை வாடகைக்கு விடும் எழுபது வயது ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் போய், "சார், நாளைக்குள்ள இதைப் பதிஞ்சிருங்க" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதர்தான், காபியும் கொடுப்பார். ஆனால் போலீஸ், விசா என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும், "மகன் பெங்களூர்ல இருக்கான், கேட்டுச் சொல்றேன்" என்பார். மகன் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

சரி, ஹாஸ்டல் எப்படி இருக்கும்? ஹாஸ்டல் மாதிரி இருக்கும். பகிர்ந்துகொள்ளும் அறை, இரும்புக் கட்டில், மெத்தையை நீங்களே வாங்க வேண்டியிருக்கலாம். கொசுவலை கட்டாயம். பக்கெட், மக்கு, பூட்டு மூன்றையும் முதல் நாள் மாலையே வாங்கிவிடுங்கள். செட்டிநாட்டுச் சமையல் என்று ஊர் பெயரை வைத்து உலகமெல்லாம் ஓட்டல் நடத்துகிறார்களே, அந்தச் சமையலை மெஸ்ஸில் தேடாதீர்கள். இட்லி, பொங்கல், சாம்பார், ரசம், ஒரு பொரியல், கோழிக்குழம்பு என்ற பெயரில் ஒன்று. பல விடுதிகளில் மாதச் செலவை ஆள்கணக்கில் பங்கு போட்டுத்தான் மெஸ் பில் வரும், வெளியே சாப்பிட்டாலும் உங்கள் பங்கு உங்கள் பங்குதான். பெண்கள் விடுதியில் கேட் அடைக்கும் நேரம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் நள்ளிரவு வரை நூலகத்தில் இருந்து பழகிய பெண்ணுக்கு இது முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். நியாயமான எரிச்சல்தான். எனக்கும் அந்த விதி பிடிக்காது. ஆனால் முதல் வாரத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் இந்த ஊரில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த அறையில் கிடைப்பது பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆள். பரமக்குடியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ வந்து முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பார். எந்த ஜெராக்ஸ் கடையில் வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் படம் உடனே எடுத்துத் தருவார்கள், துறை அலுவலகத்தில் மதியம் யார் இருப்பார், எந்தப் பாடத்தை எடுத்தால் வகுப்பு நேரம் மோதாது, எந்தப் பேராசிரியர் வருகையில் கறார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. முதல் வாரத்தில்தான் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பாடங்களையும் இங்கே நடக்கும் பாடங்களையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற விருப்பப்பாடம் இந்தப் பருவத்தில் நடக்காமல் போகலாம்; அது நோட்டீஸ் போர்டில் வருவதற்கு முன்பே ஹாஸ்டலில் தெரிந்துவிடும். மாற்றுப் பாடத்துக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க அப்போதுதான் நேரம் இருக்கும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போனபின், இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் ஏற்கமாட்டோம் என்று கேட்பது கொடுமை.

சிம் கார்டுக்கும் அந்த அக்காவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டிக்கடையில் கேட்டால் ஆதார் இருக்கிறதா என்பார்கள், இல்லை என்றதும் கையை விரிப்பார்கள். தொலைபேசி நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே போய், பாஸ்போர்ட், விசா, படம் மூன்றையும் நீட்டினால் வேலை நடக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணும் கேட்கலாம். இந்திய வங்கிக் கணக்கு இல்லாமல் ஜிபே வைப்பது லேசில்லை. டீக்கடை முதல் பூக்காரம்மா வரை க்யூஆர் அட்டையைக் காட்டுகிற ஊரில் நீங்கள் மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். சில்லறை சேர்த்து வையுங்கள். வங்கிக் கணக்குக்குப் பதிவும் முகவரியும் கேட்பார்கள் என்பதால் அது முதல் வாரக் கவலை இல்லை.

இப்போது பெரிய வீட்டுக்கு வருவோம். மனசு அங்கேதான் இழுக்கும் என்று தெரியும்.

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊரில் உங்களுக்குச் சொந்தம் இருந்தாலும், அந்த வீட்டில் நுழைந்தவுடன் நம்மூர்க்காரர்களுக்கே பேச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் திண்ணை ஓடும் முகப்பு, நிலையில் செதுக்கிய பர்மா தேக்கு, உள்ளே அறைகள் சூழ்ந்த வளவு, அதன் நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண்கள், காலுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரைக் கையால் தடவினால் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி வழுக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது வளவில் துண்டை விரித்துப் படுத்தால் ஏசி வேண்டியதில்லை.

இத்தனையும் உண்மை. அதே வீட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை வகுப்புக்குக் கிளம்பிப் பாருங்கள். குளியலறை கடைசிக் கட்டுக்கும் அப்பால். பழைய அறைகளில் பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோதான். அவ்வளவு தடித்த சுவருக்குள் செல்போன் சிக்னல் நுழையாது, இணையப் பதிவுக்கு வரும் ஓடிபி-க்காக முகப்புக்கும் அறைக்கும் நடக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு நீளம் இருக்கும். கோட்டையூர் என்றால் பரவாயில்லை, பக்கம்தான். கானாடுகாத்தான் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ் உண்டு, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் பஸ்ஸின் இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஆய்வகம் முடிய ஆறரை ஆனால் அன்றைக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த வீடு யாருடையது என்பது. வளவைச் சுற்றியிருக்கிற ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளியின், அதாவது கல்யாணமான ஒருவர் குடும்பத்தின், பங்கு. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் அமெரிக்காவில். வரி ரசீது காலமான ஐயா பெயரிலேயே இருக்கும். சாவி வாட்ச்மேனிடம். இதில் வாடகை ஒப்பந்தம் யார் போடுவது, சி-ஃபார்ம் யார் பெயரில் பதிவது? பெரியப்பா மனசார "இரும்மா" என்று சொல்லிவிடுவார். அவருடைய தம்பிக்கு அது தெரிந்ததும் வாட்ஸாப் குழுவில் வேறு ஒரு பஞ்சாயத்து தொடங்கும். படிக்க வந்த பிள்ளை அதன் நடுவில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தனிமை இன்னொன்று. இந்த ஊர்களில் வாரநாளில் தெருவே வெறிச்சென்று கிடக்கும். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் வீடு நிறைந்து வழியும், மற்ற நாளில் ஒரு ஆச்சியும் வேலைக்கு வரும் அம்மாவும்தான். ஊர் விட்டு ஊர் வந்த முதல் வாரத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்தால் திடமான பிள்ளைக்கும் அம்மா ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். கட்டாயம் போங்கள். போன உடனே "யாரு வீட்டுப் பிள்ளை? எந்த ஊரு?" என்று ஆச்சி தொடங்குவார். நகரத்தார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எந்தக் கோயில் பிரிவு என்பதும் வரும். இளையாற்றங்குடியா, மாற்றூரா, வயிரவன்கோயிலா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. பதில் சொல்லி முடிப்பதற்குள், "சரி சரி, முதல்ல பலகாரத்தைத் தின்னு, அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து போய்விடுவார். வெள்ளைப் பணியாரத்துக்கு அவர் அரிசி அளப்பதைக் கூடவே நின்று பாருங்கள். டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டிக் கொட்டி, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, அது எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. மாவைக் கரண்டியில் எடுத்து எண்ணெயில் ஒரே ஊற்றாக ஊற்றினால் அடியில் போய், ஓரம் சுருங்கி, வெள்ளையாகவே மிதந்து மேலே வரும். சிவக்க விட்டால் ஆச்சி கணக்கில் அது பணியாரமே இல்லை. வரமிளகாய்ச் சட்னியோடு நாலு தின்றபின் மெஸ் சாம்பார் மேல் இருந்த கோபம் தணிந்துவிடும்.

ஹாஸ்டல் விண்ணப்பத்தில் லோக்கல் கார்டியன் என்று ஒரு பெயர், போன் எண், கையெழுத்து கேட்பார்கள். பெரிய வீட்டுச் சொந்தக்காரரை அங்கே எழுதுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் வார்டன் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறார் என்பது கடல் தாண்டி இருக்கும் அம்மாவுக்கும் நிம்மதி. சொந்தம் இப்படி உதவினால் போதும், கூரை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, டவுனில் தனி ரூம். சுப்பிரமணியபுரம், டி.டி.நகர், செக்காலை, கல்லூரிச் சாலை பக்கமெல்லாம் மாணவர்களுக்கு இடம் விடுவது பழைய வழக்கம். வள்ளல் அழகப்பர் 1947-இல் கல்லூரி தொடங்கியதிலிருந்தே மாணவர்களைப் பார்த்த ஊர் இது. 1985-இல் பல்கலைக்கழகம் ஆனபின் மாடி போர்ஷன்கள் இன்னும் பெருகின. சுதந்திரம் உண்டு, சமைக்கலாம், நண்பர்கள் வரலாம். 'வரலாம்' என்பதை மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அசைவம் சமைக்கலாமா என்பதையும்.

ஒரு பருவத்துக்கு வருகிறவருக்கு இதில் கணக்கு உதைக்கும். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போடுவதுதான் வழக்கம், உங்களுக்கு வேண்டியது நாலைந்து மாதம். சில மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியை "அடுத்த வாரம் தர்றேன்" என்றால், உங்களுக்கு அடுத்த வாரம் விமானம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தனி மீட்டரா, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டில், ஃபேன், கேஸ் அடுப்பு வாங்கி, நாலு மாதம் கழித்து விற்க அலைய வேண்டும். வந்த அசதியோடு, ஊர் தெரியாமல், முதல் வாரத்திலேயே வீடு தேடினால் தரகர் காட்டும் மூன்றாவது வீட்டுக்குத் தலையாட்டிவிடுவீர்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, மாடியில் தண்ணீர் ஏறுகிறதா, தெருமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அப்போது கண் இருக்காது.

தண்ணீர் என்றதும் ஒன்று. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் விடமாட்டார்கள். நானும் பேசுவேன். இருந்தாலும் வந்த வாரம் காய்ச்சியோ கேன் வாங்கியோ குடியுங்கள், வயிறு ஊரோடு பழகட்டும்.

லாட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் இறங்கி மாலையில் பல்லவன் ரயிலைப் பிடித்தால் காரைக்குடி வந்து சேர இரவாகிவிடும், அந்நேரம் ஹாஸ்டலில் அறை ஒதுக்க ஆள் இருக்கமாட்டார். அன்று ஒரு இரவு லாட்ஜ். பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துக்கொள்வார்கள், திரும்ப வாங்க மறக்காதீர்கள். முடிந்தால் திருச்சிக்கே விமானம் பாருங்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு மூன்றிலிருந்தும் நேரடியாக உண்டு. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழையாமல் அப்படியே காரைக்குடிக்கு வந்துவிடலாம், சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். காலை விமானம் என்றால் பகலிலேயே வார்டன் முன்னால் நிற்கலாம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் சொகுசு விடுதிகளில் முதல் வாரத்தைக் கழிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பணம் உங்களுடையது. ஊர் சுற்ற அம்மா அப்பா வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விதிவிலக்கு என்று சொன்னேன். முதலாவது, தை. இரண்டாம் பருவத்துக்கு வருகிறவர் பொங்கலுக்கு ஒட்டி வந்து இறங்கினால் ஹாஸ்டல் காலியாகக் கிடக்கும், மெஸ்ஸும் மூடியிருக்கலாம், பக்கத்துக் கட்டில் அக்கா பரமக்குடிக்குப் போயிருப்பார். அந்த வாரம் பெரிய வீடுதான் சரி, ஏனென்றால் அப்போதுதான் அங்கே ஆள் இருக்கும். வெளியூர்ப் பங்காளிகள் வந்து இறங்கியிருப்பார்கள், சி-ஃபார்ம் போடத் தெரிந்த அண்ணன் ஒருவரும் அதில் இருப்பார். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, பொங்கலுக்கு அடுத்த செவ்வாய் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். கண்ணுடைய நாயகி கோயிலில் புள்ளிக்கு ஒரு பானை என்று வரிசையாகப் பொங்குவதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரலாம். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக வந்து ஹாஸ்டலில் பெயரைப் பதிந்து கடிதத்தை வாங்கிவிட்டு ஊருக்குப் போங்கள், 14 நாள் கணக்கு பண்டிகைக்காக நிற்காது.

நோன்பு மாதத்தில் வரும் முஸ்லிம் மாணவர்களுக்கும் என் யோசனை வேறு. விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு தர மெஸ்ஸில் ஏற்பாடு உண்டா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் பள்ளிவாசல் பக்கத்தில், ஏற்கெனவே மாணவர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் ரூமில் ஒரு கட்டில் பிடிப்பது நல்லது. கைக்குழந்தையோடு வரும் ஆய்வு மாணவருக்கும் ஹாஸ்டல் ஒத்துவராது. அவர் இங்கே இருக்கும் ஒருவர் மூலம் முன்கூட்டியே வீடு பேசிவிட்டுத்தான் வர வேண்டும்.

கட்டடக்கலையோ தமிழோ வரலாறோ படிக்கிறவர்கள் கிராமத்திலேயே இருந்தால்தானே ஆய்வு நடக்கும் என்று வாதாடுவார்கள். பாதி சரி. இந்த ஊர்களில் தேடத் தேடக் கிடைக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வீட்டில் சேர்த்துவைத்த தமிழ் நூல்களைத்தான் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இன்று சென்னையில் அது பெரிய ஆய்வு நூலகம். ஆனால் உங்கள் பெயர் தெரியாத ஊரில் முதல் வாரமே குறிப்பேட்டோடு போய் நின்றால் கதவு திறக்காது. துறையில் ஒரு பேராசிரியர், "நம்ம மாணவிதான், கொஞ்சம் வீட்டைக் காட்டுங்க" என்று போன் போட வேண்டும். அதற்கு முதலில் துறையில் முகம் தெரிய வேண்டும்.

ஒரு மாதம் ஆனபின் வெளியே மாற வேண்டும் என்று தோன்றினால் மாறுங்கள், தப்பே இல்லை. அதற்குள் எந்தத் தெரு எப்படி என்று தெரிந்திருக்கும், ஊரைக் காலி செய்யும் சீனியர் ஒருவரின் கட்டிலும் அடுப்பும் பாதி விலைக்குக் கிடைக்கும், கூட வாடகை பங்கு போட ஒருவரும் கிடைத்திருப்பார். முகவரி மாறுவதைப் பதிவு அலுவலகத்துக்கும் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதனால் புதிய வீட்டுக்காரரிடம் வாடகை பேசுவதற்கு முன்னால் சி-ஃபார்ம் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, நம்ம பிள்ளைதானே" என்று அன்பாகச் சொன்னார் என்றால், அந்த அன்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.